பஞ்சர் ஆகாத சக்கரம் நமக்கு வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மிதிவண்டியைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அணுவைப் பற்றியும் விண்கலத்தைப் பற்றியும் எழுத வேண்டிய ஆண்டு மலரில் பஞ்சரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கவும் கூடும். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் நம்மில் பலருக்குக் கல்லூரிப் பயணத்தின் முதற்பகுதி இன்னும் சைக்கிளில்தான் கழிகிறது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் சாலை வரை நான்கைந்து கிலோமீட்டர் மிதித்து வந்து, டீக்கடை ஓரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறோம். வழியில் ஒரு முள் குத்தினால் பஸ் போய்விடும். பஸ் போனால் முதல் வகுப்பு போய்விடும். இப்படிப் பல நாள் போனால் வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுத அனுமதி கிடைக்குமா என்ற கவலையும் வந்துவிடும். எனவே பஞ்சர் என்பது சிறிய ஓட்டைதான் என்றாலும் சிறிய விஷயம் அன்று.

இந்தத் தொல்லைக்கு ஒரேயடியாக முடிவு கட்டிவிடலாம் என்று கூறும் நண்பர்கள் இருக்கின்றனர். அவர்கள் காட்டும் வழி ‘கெட்டி டயர்’. இதில் டியூப் கிடையாது; காற்று கிடையாது; வால்வும் கிடையாது. ரப்பரோ, நுரை வடிவிலான பாலியூரித்தேன் போன்ற பொருளோ சக்கரத்தைச் சுற்றி நிறைந்திருக்கும். சிலவற்றில் எடையைக் குறைப்பதற்காகத் தேன்கூட்டைப் போலப் பக்கவாட்டில் துளைகள் விட்டிருப்பார்கள். முள் குத்தினாலும் ஆணி குத்தினாலும் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சீனாவில் 2016இல் தொடங்கப்பட்ட மோபைக் என்னும் வாடகை மிதிவண்டிகளில் இத்தகைய டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. அப்படியிருக்க, நம் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளிலும் இதையே மாட்டிக் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் விடை அவ்வளவு எளிதன்று என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கெட்டி டயர் இன்று நேற்று வந்த புதுமை அன்று. காற்று டயருக்கும் மூத்தது. 1860களில் மிதிவண்டியின் சக்கரங்கள் மரத்தாலும் இரும்புப் பட்டையாலும் ஆனவை. அவற்றில் ஏறியவர்களின் உடல் பட்ட பாட்டைக் கண்டு, ‘எலும்பை உலுக்கும் வண்டி’ என்றே ஆங்கிலேயர் பெயர் வைத்தனர். பின்னர் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த உயரமான வண்டிகள் வந்தபோது அவற்றுக்குக் கெட்டி ரப்பர் வளையத்தைப் பொருத்தினர். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது குதிரை வண்டிகளுக்காக எண்ணப்பட்டது, காலப்போக்கில் மறக்கப்பட்டது. 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் செய்து பார்த்தார். 1889இல் அந்நகரில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் பூட்டிய வண்டியில் வென்று காட்டியதும் கெட்டி டயரின் ஆதிக்கம் சரியத் தொடங்கியது. தாம்சன் முந்திக்கொண்டவர் என்பது தெரிந்து டன்லப்பின் காப்புரிமை பிற்பாடு செல்லாமற்போனாலும், அவருடைய பெயர் இன்றும் நம் சைக்கிள் டியூபின் வால்வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சர் ஆகும் என்று தெரிந்தேதான் உலகம் காற்றைத் தேர்ந்தெடுத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஏன் தேர்ந்தெடுத்தது? இதற்கு விடை நம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. ரப்பரை அமுக்கினால் வளைந்து கொடுக்கிறது. விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் அமுக்குவதற்கு நாம் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் பட்டு அமுங்கி மீள்கிறது. ஒவ்வொரு முறையும் தரகனைப் போல ஒரு சிறு கமிஷனை எடுத்துக்கொள்கிறது. காற்று டயரில் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்று. அது வாங்கிய கடனை ஏறக்குறைய முழுவதும் திருப்பிக் கொடுத்துவிடும் நாணயஸ்தன். மெல்லிய டயரும் டியூபும் மட்டுமே கமிஷன் பிடிக்கின்றன. கெட்டி டயரிலோ பாரத்தைத் தாங்குவதும் ரப்பர், வளைவதும் ரப்பர். ஆகவே கமிஷனும் அதிகம். அதைக் கட்டுவது யார்? பெடலை மிதிக்கும் கால்கள்தாம்.

ஒரு சிறு கணக்கும் பார்க்கலாம். பின்சக்கரத்தின் மீது 50 கிலோ பாரம் விழுகிறது என்றும், டியூபில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோ, இருக்கிறது என்றும் கொள்வோம். 50ஐ 3.5ஆல் வகுத்தால் சுமார் 14 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு தீப்பெட்டியின் முகப்பைவிடச் சிறிய அந்த இடத்தில்தான் பின்டயர் தரையைத் தொடுகிறது. கல்லொன்றின் மேல் ஏறும்போது அந்த இடம் மட்டும் குழிந்து கொடுப்பதால் வண்டி முழுவதும் தூக்கிப் போடப்படுவதில்லை. கேரியரில் தங்கையோ அரிசி மூட்டையோ ஏறினால் பம்பை எடுத்து இன்னும் கொஞ்சம் காற்றடித்தால் போதும். கெட்டி டயரில் இந்த வசதி இல்லை. தொழிற்சாலையில் எந்த அளவு கெட்டித்தன்மை வைத்தார்களோ அதுவே எல்லா ஆளுக்கும், எல்லா மூட்டைக்கும். மென்மையாகச் செய்தால் மிதிக்கப் பாரமாகும். கடினமாகச் செய்தால் அதிர்ச்சி ரிம்முக்கும் போக்ஸ் கம்பிகளுக்கும் போய், அங்கிருந்து ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் ஏறும்.

நம் பக்கத்துச் சம்சாரிகள் எந்தப் புத்தகமும் படிக்காமலேயே இதை அறிந்திருந்தார்கள். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கர மாட்டு வண்டிக்குப் பஞ்சர் கிடையாது. ஆயினும் டயர் வண்டி வந்தபோது அதற்குத்தான் மாறினார்கள். அதே ஜோடி மாடு கூடுதல் பாரத்தை இழுக்கிறது, கழுத்து நோவும் குறைகிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள். மாட்டின் கழுத்துக்குக் காட்டிய கருணையை மாணவனின் முழங்காலுக்கும் காட்டலாம் அல்லவா?

இத்துடன் கெட்டி டயர் வேண்டாம் என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது. காற்று டயரை உயர்த்திப் பிடித்தவர்களில் முன்னின்றவர்கள் பந்தயப் பாதையிலே ஓட்டியவர்கள். நாம் ஓட்டுவதோ முள் விளையும் மண்ணில். நெருஞ்சி குறளிலேயே இடம்பெற்ற செடி. அதே செடிக்கு அமெரிக்காவில் ‘பஞ்சர் கொடி’ என்று பெயர் என்றால் அதன் கீர்த்தியைச் சொல்லவும் வேண்டுமோ! எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும்படி அதன் காய் அமைந்திருக்கிறது. இது போதாதென்று சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மரம் கண்மாய்களையும் வைகைப் படுகையையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் இதை அகற்றுவது குறித்து உத்தரவிட்டது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்தது. ஆயினும் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிச் செல்லும் வண்டிகளிலிருந்து உதிர்ந்த முள் நம் கண்மாய்க்கரைப் பாதைகளில் இன்றும் கிடக்கிறது. அதே வேளையில், ஊருக்கு ஊர் இருந்த சைக்கிள் கடைகள் பல மூடப்பட்டுவிட்டன, அல்லது மோட்டார் சைக்கிள் கடைகளாக மாறிவிட்டன. முள் குறையவில்லை, பஞ்சர் ஒட்டுவோர் குறைந்துவிட்டனர்.

இதனால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் மாணவியரே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு, கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கி, 2005-06இல் மாணவ மாணவியர் அனைவருக்குமாக அதை விரிவாக்கியது. மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பதால் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்து நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பாதை அப்படியேதான் இருக்கிறது. பொழுது சாய்ந்த வேளையில், கருவேலங்காட்டு ஓரமாக, காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியே நடந்து வரும் ஒரு பெண்ணின் வீட்டில் அன்றிரவு என்ன பேச்சு நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘இனிமேல் போக வேண்டாம்’ என்று சொல்வதற்குச் சில வீடுகளில் அந்த ஒரு பஞ்சரே போதும். அத்தகைய பெண்ணிடம் போய், ‘காற்று டயரில் ஆற்றல் இழப்புக் குறைவு’ என்று பாடம் நடத்துவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

ஆகவே எந்த டயர் உயர்ந்தது என்று பொதுப்படக் கேட்பதில் பயன் இல்லை. யாருக்கு, எவ்வளவு தூரத்துக்கு, எந்தப் பாதையில் என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம், புத்தகப் பையைத் தவிரப் பாரம் இல்லை, வழியில் கடையும் இல்லை, திரும்பும்போது இருட்டிவிடும் என்றால் கெட்டி டயரே தக்கது. அதன் கூடுதல் சிரமத்தைத் தாங்கிக்கொள்ளலாம். எட்டுப் பத்துக் கிலோமீட்டர் மிதிப்பவனுக்கும், பால் கேனோ கீரைக் கட்டோ ஏற்றிச் செல்பவருக்கும் அதை மாட்டுவது தண்டனையாகும். தவிரவும், கெட்டி டயர் ரிம்மின் அளவுக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தியாக வேண்டும். அது நெகிழ்ந்து கழன்றாலோ தேய்ந்து போனாலோ ஒட்டுப் போட முடியாது. புதிதுதான் வாங்க வேண்டும். காற்று டயருக்கோ ஒரு தொட்டித் தண்ணீர், ஓர் அரம், கொஞ்சம் சொல்யூஷன், பழைய டியூபில் வெட்டிய ஒரு துண்டு இருந்தால் போதும். ஏழைக்கு ஏற்ற பொருள் எது என்று கேட்டால், கெடாத பொருள் என்பதைவிட, கெட்டால் தானே சரிசெய்துகொள்ளக்கூடிய பொருள் என்றே நான் கூறுவேன்.

ஆனால் சரிசெய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி. சைக்கிள் ஓட்டத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும்? எனவே மூன்று யோசனைகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, விலையில்லா மிதிவண்டியுடன் ஒரு கைப்பம்பையும் ஒட்டுப்போடும் சாமான்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பள்ளியில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, மாணவர்க்கும் மாணவியர்க்கும் அதைச் செய்யக் கற்பிக்க வேண்டும். முள் மிகுந்த ஊர்களுக்குத் தடித்த டயரோ, டயருக்கும் டியூபுக்கும் இடையே வைக்கும் பட்டையோ தரலாம். பழைய டியூபைக் கிழித்து உள்ளே வைக்கும் வழக்கம் நம் கடைக்காரர்களிடம் ஏற்கெனவே உண்டு. கெட்டி டயர் வேண்டும் என்று கேட்பவர்க்கு அதையும் தரலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை மிதிப்பவரிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு பம்பும் ஒரு பெட்டிச் சாமானும் வைத்து, வாரம் ஒரு நாளாவது பஞ்சர் ஒட்டிக் கொடுக்கலாம், ஒட்டவும் கற்றுக்கொடுக்கலாம்.

மூன்றாவது, இந்த விவாதத்தை வாயால் வளர்க்காமல் அளந்து பார்க்க வேண்டும். ஒரே சைக்கிளில் ஒரு முறை காற்று டயரையும் மறு முறை கெட்டி டயரையும் மாட்டி, ஒரே ஆளை ஏற்றி, ஒரே சரிவிலிருந்து மிதிக்காமல் உருளவிட்டு, எது எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று நாடா கொண்டு அளக்கலாம். இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. இரு சக்கர வாகன டயர்கள் செய்யும் தொழிற்சாலை நம் மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியிலேயே இருக்கிறது. அங்குள்ள வல்லுநர்களின் ஆலோசனையையும் நாடலாம். பேராசிரியப் பெருமக்கள் அனுமதித்தால், இயற்பியல் மன்றத்தின் சார்பில் வரும் ஆண்டிலேயே இச்சோதனையைத் தொடங்கிவிடலாம்.

அறிவியல் படிக்கும் நாம், நம் ஊர்ப் பாதையில் கிடக்கும் முள்ளைப் பற்றியும் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தப் பாதையில் வரும் ஒரு தம்பியோ தங்கையோ பாதியில் நின்றுவிடாமல் வகுப்புக்கு வந்து சேர வேண்டும். அதற்கு உதவும் டயர் எதுவோ அதுவே நல்ல டயர்.