அசனப் பந்தியில் ஒரு வேலை
நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் அசன விருந்து என்றால் ஊரே கூடி வேலை செய்யும். காய் நறுக்க, இலை போட, தண்ணீர் வைக்க இளைஞர் பட்டாளமே நிற்கும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையை மட்டும், "பாவம், சும்மா இருக்கட்டும்" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். ஞாயிறு பள்ளி வயது தாண்டியபின் அந்தப் பிள்ளைக்கு ஆலயத்தில் வேறென்ன இருக்கிறது?

இந்த முறை இலை போடச் சொல்லுங்கள். "உதவி பண்ணு" என்று பொதுவாகச் சொன்னால் பலருக்குப் புரியாது. "இந்த வரிசைக்கு, ஆளுக்கு ஒரு இலை" என்று செய்து காட்டுங்கள். ஒலிபெருக்கி அலறும் பக்கம் வேண்டாம். சிலருக்கு அந்தச் சத்தம் தாங்காது. துணைக்கு ஒரு நண்பன் போதும், அம்மா வேண்டாம். அவரும் ஒருநாள் நிம்மதியாகப் பந்தியில் உட்காரட்டுமே! இலை கொஞ்சம் கோணலாக விழுந்தால்தான் என்ன? அடுத்த வருடமும் அதே வேலையை அதே பிள்ளைக்குக் கொடுங்கள்.