முதல் படி உடைந்தால் யார் விழுவார்கள்?

சைபர் செக்யூரிட்டி படித்தால் வேலை உறுதி என்ற விளம்பரத்தை இப்போது பேருந்து நிலையச் சுவர்களிலும் கல்லூரி வாசல்களிலும் பார்க்க முடிகிறது. சில இடங்களில் கட்டணம் லட்சத்தைத் தொடுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு, மற்ற கணினி வேலைகள் ஆட்டம் கண்டாலும் தகவல் பாதுகாப்பு வேலை அசையாது என்ற பேச்சு பரவியிருக்கிறது. இதை நம்பி அம்மாவின் தோட்டை அடகு வைக்கும் வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாள்கள் கையால் எழுதித்தான் நடந்தது. அந்த வரிசையில் கால் கடுக்க நின்றவர்களில் பெரும்பாலோர் தனியார் மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவர்கள். தனிநபர் தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே இந்த வேலை தேவையான வேலைதான்.

ஆனால் தேவை வேறு, பணியிடம் வேறு. பூட்டுக்கும் காவலாளிக்கும் ஆகும் செலவு போலத்தான் முதலாளிகள் இந்தத் துறையைப் பார்க்கிறார்கள். திருட்டு நடக்காதவரை அது வீண் செலவாகவே தோன்றும். பணம் இறுகும்போது புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டு, இருக்கிற அனுபவசாலிகள் மீதே இரண்டு ஆள் வேலையைச் சுமத்துவார்கள். கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் முறையில் திரையைப் பார்த்து, வருகிற எச்சரிக்கைகளில் எது உண்மையான தாக்குதல், எது பொய் என்று பிரிப்பதுதான் புதியவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலை. அதில் ஒரு பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்கிறது. ஏணியில் முதலில் உடைவது முதல் படி.

அந்த முதல் படியில் கால் வைக்க வருபவர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை இல்லையென்றால் ஓராண்டு வீட்டிலிருந்து மேலும் படிக்க வசதியுள்ள மாணவனால் முடியும். கல்விக் கடனும் கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் உள்ள மாணவியால் ஒரு மாதம்கூட முடியாது. ஆள் எடுப்பது குறையும்போது வேலைகள் பரிந்துரை வழியாகவே போகின்றன. கம்பெனியில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாதவருக்கு யார் பரிந்துரைப்பது?

தகுதிதான் பேசும் என்பார்கள். ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைத் தலித் பெயரிலும் உயர்சாதிப் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் ஆகிய ஆய்வாளர்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. 2007-இல் வெளியான ஆய்வு அது. தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக, 2020-இல் கலிஃபோர்னியா மாநில அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கடல் தாண்டினாலும் சாதி கூடவே வருகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய்விட்டது.

தனியார் வேலையில் இடஒதுக்கீடு இல்லை. அரசு வேலையிலாவது கிடைக்குமா என்றால், அரசுத் துறைகளின் கணினிப் பணிகளில் பெரும்பகுதி வெளி நிறுவனங்களின் கைக்குப் போகிறது. சர்வரும் அதில் உள்ள தரவும் மக்களுடையவை. அவற்றைக் காக்கும் வேலைக்கு ஆள் எடுப்பதில் மட்டும் சமூகநீதி கிடையாது. மத்திய அரசுத் துறைகளில் 45 நாள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு உண்டு என்பது விதி. அரசுப் பணத்தில் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனத்துக்கும் அதே விதி ஏன் பொருந்தக் கூடாது? டெண்டர் நிபந்தனைகளில் ஒன்றாக அதைச் சேர்க்க வேண்டும் என்று மாநில அரசை நாம் கேட்க வேண்டும். பொருளாதாரம் தடுமாறும் காலத்தில்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை.

மாணவர்களுக்கு மூன்று சொற்கள். முதலாவது, வேலை உறுதி என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள். நெட்வொர்க், லினக்ஸ், கொஞ்சம் புரோகிராமிங் ஆகியவைதான் அடித்தளம். இவற்றை என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் கட்டணமின்றிக் கற்கலாம்.

இரண்டாவது, திறமையைக் காட்டுவதற்காக அனுமதியில்லாமல் யாருடைய இணையதளத்தையும் தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் காவல் நிலையத்துக்கு வக்கீல் வந்துவிடுவார். நம் பிள்ளைக்கு யார் வருவார்கள்?

மூன்றாவது, வேலையில் இருப்பவர்களுக்கு. ஆட்குறைப்பின்போது நீங்களாக ராஜினாமா செய்ததுபோல் கடிதம் கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. கையெழுத்துக்கு முன் சங்கத்தையோ வழக்கறிஞரையோ பாருங்கள்.

இந்தத் துறைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகட்டும், நிறையப் பேர் போகட்டும். ஆனால் கெட்ட காலத்தின் சுமையை ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்தவரே சுமக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் ஏற்கக் கூடாது. நாட்டின் தரவைக் காக்க வருபவரின் வேலையையும் காக்க ஒரு சட்டம் வேண்டும்.