எந்தத் தெரு என்று கேட்கும் நேர்காணல்கள்

மேட்டூர் அணை திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. குறுவைக்கு நாற்றங்கால் விடும் வரை டெல்டாவில் வயல் வேலை குறைவு. தனியார் பள்ளிகள் புதிய ஆசிரியர்களை எடுக்கும் பருவமும் இந்த மே மாதம்தான். பள்ளி வாசலில் ‘ஆசிரியர் தேவை’ என்று பேனர் தொங்குகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் ஜவுளிக்கடை, மருந்துக் கம்பெனி மேசைகளுக்கு நடுவே பள்ளிகளும் மேசை போடுகின்றன. பி.எட். முடித்த நம் பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்புடன் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படி ஒரு முகாமுக்குப் போவதற்கு முதல் நாள் மாலை, நம் தெருப் படிப்பகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து சுயவிவரக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்துப் பெண். கணிதம் படித்து பி.எட். முடித்தவர். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டார்: “அண்ணே, முகவரியில தெருப் பேரை விட்டுட்டு ஊர்ப் பேரை மட்டும் எழுதலாமா?”

ஏன் என்று கேட்டோம். போன வருடம் ஒரு பள்ளியில் நேர்காணலுக்குப் போயிருக்கிறார். முதல் கேள்வி பாடத்தைப் பற்றி. நன்றாகவே பதில் சொல்லியிருக்கிறார். அடுத்தது, “எந்த ஊரும்மா?” அதற்கடுத்தது, “அந்த ஊர்ல எந்தத் தெரு?” சொன்னார். “சரிம்மா, சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் ஆவணத்திலிருந்து போகிற சொல், நேர்காணல் மேசையில் கேள்வியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கேள்வியை எப்படி எதிர்கொள்வது என்று நம் பிள்ளைகளுக்கு எந்தக் கல்வியியல் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.

அரசு வாசல் ஏன் இவ்வளவு ஒடுங்கியது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் பிள்ளைகள் விரும்பித் தனியார் முகாமுக்குப் போகவில்லை. அரசுப் பணியில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாசலுக்குள் நுழைய முடியாமல்தான் இங்கே வந்து நிற்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தத் தேர்வை நடத்த வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2012 ஜூலையில் முதல் தேர்வு. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். அதே ஆண்டு துணைத் தேர்வு. அடுத்து 2013. பிறகு நான்கு ஆண்டு இடைவெளி விட்டு 2017, அதன்பின் 2019, அதன்பின் 2022. அந்தத் தேர்வின் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில் முடிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கென நடந்த சிறப்புத் தேர்வைத் தவிர்த்தால் 2025 மே வரை கணக்கு இவ்வளவுதான். 2024-ல் பி.எட். முடித்த ஒருவர் 2025 மே வரை இந்த மாநிலத்தில் ஒரு தகுதித் தேர்வைக்கூட எழுதியிருக்க முடியாது. தகுதி இல்லை என்று அவரைச் சொல்லலாமா? தகுதியைக் காட்ட அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

தேர்ச்சி மதிப்பெண் 150-க்கு 90. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு தந்து அதை 82 ஆக்கியது 2014-ல்தான். அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தளர்வை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நடுவில் போன இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. 2018-ல் வெளிவந்த அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறியவர்களும் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. ஒவ்வொரு தேர்வுக்கும் பயிற்சி மையக் கட்டணம், தங்கும் செலவு, இழக்கும் கூலி. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் படிப்பாளியின் வீடு இதைத் தாங்கும். முதல் தலைமுறை வீடு தாங்காது. அப்பாவின் கடனை அடைக்க, கிடைத்த வேலைக்குப் போ என்றுதான் சொல்லும்.

தனியார் வாசலின் கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் யார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சுயநிதிப் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. நம் குழந்தை மாணவராக உள்ளே போகலாம், ஆசிரியராகப் போவது நிர்வாகத்தின் விருப்பம்.

சம்பளத்தைப் பாருங்கள். சென்ற முகாமில் கணித ஆசிரியருக்கு என்று நம் காதில் விழுந்த தொகைகள் எட்டாயிரம், ஒன்பதாயிரம், மிஞ்சினால் பன்னிரண்டாயிரம். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 336 ரூபாய். 26 நாளைக்குக் கணக்குப் போட்டால் 8,736 ரூபாய். அம்மாவுக்கு அந்தக் கூலி முழுதாகவும் கிடைப்பதில்லை, 26 நாளும் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் பாக்கியும் விழுகிறது. என்றாலும், ஐந்து ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்த மகளுக்குப் பேசப்படும் விலை அந்தக் கூலிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதில் அரசும் குற்றமற்றதல்ல. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த மாத ஊதியம் 7,500 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் கூலி 281. அதை 26-ஆல் பெருக்கினால் 7,306. அரசே இப்படி விலை வைத்தால் தனியார் ஏன் கூட்டித் தரப் போகிறார்கள்?

கூலி உயர்வுக்காகப் போராடிய மண் இது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், வெண்மணியில் 44 உயிர்கள் கருகிய பிறகு 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் இந்தக் கீழத்தஞ்சையின் வயல்களிலிருந்துதான். வயலில் நின்ற பாட்டிக்கு, அமலானதோ இல்லையோ, கூலியைச் சொல்லும் ஒரு சட்டம் இருந்தது. வகுப்பறையில் நிற்கும் பேத்தி, 1988-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் பார்வையில் ‘தொழிலாளி’யாக இருக்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவை அவர் தட்ட முடியவில்லை.

முகாமுக்குப் போகும் முன்

இவ்வளவும் தெரிந்தே நம் பிள்ளைகள் போகிறார்கள். போகட்டும். ஆனால் வெறுங்கையோடு போக வேண்டாம். படிப்பகத்தில் அன்று நாம் பேசியதை இங்கே சொல்கிறோம்.

அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். ‘ஜாமீனாக இருக்கட்டும்’ என்று வாங்கிப் பீரோவில் பூட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது கைக்குப் போய்விட்டால், நடுவில் அரசுத் தேர்வு முடிவு வந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக முடியாது. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. நகல்கள் மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

சாதிச் சான்றிதழ் அந்தக் கோப்பில் தேவையில்லை. இட ஒதுக்கீடு தராத இடத்துக்கு அது எதற்கு? அதை அரசுத் தேர்வுக்குப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு பாடத்தைப் பத்து நிமிடம் நடத்திக் காட்டத் தயாராகப் போங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் தலைகுனிய வேண்டாம். பின்னத்தை ஒரு மரக்கால் நெல்லை வைத்துப் புரியவைக்கத் தெரிந்தவருக்கு வகுப்பறை வசப்படும். அந்தப் பத்து நிமிடத்தை வீட்டில் தங்கை தம்பிக்கு முன்னால் நான்கு முறை நடத்திப் பாருங்கள்.

நீங்களும் கேள்வி கேளுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா? கோடை விடுமுறை மாதத்துக்கு உண்டா? பணி ஆணை எழுத்தில் தருவார்களா? வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளி என்றால் அது கட்டாயம். ஐந்து ஆண்டு பணி முடித்தால் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பணி ஆணையும் வங்கிக் கணக்கும் இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு வேலை பார்த்ததை நிரூபிக்கவே முடியாது.

தனியார் பள்ளியில் சேர்ந்தாலும் அரசுத் தேர்வுக்கான படிப்பை விடாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

யார் ஆசிரியர் என்பது ஏன் முக்கியம்?

கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரத்தில், 1916-ல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் நுழைவுக்குப் பெயர்போன நந்தனின் பெயரைப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். நம் பிள்ளைகளை நம்மவர் ஒருவர் பெயர் சொல்லி அழைத்துப் பாடம் நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பள்ளியில் படித்து வந்த தலைமுறைகள் சாட்சி. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிக்குள் சாதி எப்படிப் புழங்குகிறது என்பதைப் பேசிய அந்த அறிக்கை, ஆசிரியர் தேர்விலேயே சமூக நீதி பற்றிய மனநிலையைக் கவனிக்கச் சொல்கிறது. நாம் இன்னும் ஒரு படி கேட்கிறோம். சாதி பார்க்காத ஆசிரியர் வேண்டும். சாதியால் தள்ளி வைக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஆசிரியரும் வேண்டும். எல்லாச் சாதிக் குழந்தைகளும் அவரிடம் கணக்குக் கற்க வேண்டும்.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தகுதித் தேர்வை ஆண்டுதோறும் நடத்துங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பை 2023-ல் வெளியிட்டபோது காட்டிய வேகத்தை, அப்பள்ளிகளின் காலியிடங்களை நிரப்புவதிலும் காட்டுங்கள். அரசு நடத்தும் முகாமில் மேசை போடும் பள்ளி ஒவ்வொன்றும் சம்பளத்தை எழுதி ஒட்ட வேண்டும், எழுத்துப்பூர்வப் பணி ஆணை தர வேண்டும், அசல் சான்றிதழ் வாங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் நிபந்தனை விதிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். பட்டியல் சாதியினர் பிறரைப் போல வேலை பெறுவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம் என்பதை முகாம் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். நேர்காணலில் நடந்ததை நிரூபிப்பது கடினம்தான். பலகை இருந்தால் கேட்கிற வாய் கொஞ்சம் யோசிக்கும்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். தெருப் பெயரை எழுதலாமா, வேண்டாமா? படிப்பகத்தில் அன்று இரண்டு கருத்தும் இருந்தது. “வேலை கிடைக்கணும், அதுதான் முக்கியம், விட்டுடு” என்றார் ஒருவர். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை; அவர் வீட்டுக் கடன் நமக்குத் தெரியும். நம் கருத்தைக் கேட்டபோது இப்படிச் சொன்னோம்: எழுதினாலும் விட்டாலும் உன் மேல் குற்றமில்லை. வெட்கப்பட வேண்டியது அந்தக் கேள்வியைக் கேட்கிறவர். ஆனால் “எந்தத் தெரு” என்று வாய்விட்டுக் கேட்டால் பொய் சொல்லாதே. தெருவைச் சொல்லிவிட்டு, “ஏன் சார் கேக்குறீங்க?” என்று திருப்பிக் கேள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகவரியை முழுதாக எழுதினார். மறுநாள் காலை முதல் பேருந்துக்குப் போய்விட்டார். போகும்போது சான்றிதழ் நகல்கள் மூன்று செட்டும், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிய ஒரு தாளும் அவர் கையில் இருந்தன.