இரட்டைச் சிசுக்களின் துயிலிடம்

புதுதில்லி ஆர்.கே.புரத்தின் சிறிய அரசாங்கக் குடியிருப்புகளில், இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டால் இரு தொட்டில்களுக்கு இடமேது? ஒரே தூளியில் இருவரையும் இடுவது சிக்கனமென எண்ணத் தோன்றும், அது தகாது. தூளியின் வளைவில் தலை மார்பின்மீது கவியும், ஒரு சிசு மற்றதன்மீது சரியும், மூச்சு தடைப்படும். இரட்டையருள் பலர் மாதம் நிறையாது, 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறப்பவராதலின் அபாயம் அதிகம்.

தொட்டில் வாங்குமாறு களப்பணியாளர் உபதேசிப்பதிற் பயனில்லை. தாயின் அறையிலேயே, பாயின்மேல் கெட்டியான இரு சிறு மெத்தைகளைத் தனித்தனியே விரித்தால் போதும். மல்லாத்திக் கிடத்துக, கடுகுத் தலையணையும் வேண்டா. கக்கிய பால் புரையேறுமென்று பாட்டிமார் அஞ்சுவர், அவ்வச்சம் ஆதாரமற்றது. குப்புறக் கிடத்தலாகாதென 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்தபின், அந்நாட்டில் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஜனவரிக் குளிருக்கு ரஜாய் ஆகாது. உடையில் ஓரடுக்குக் கூட்டுக.