மெஷின் நின்றுபோகும் நாள்



போன மாதம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மரவேலை செய்கிறவர். பத்து வருடம் அடுத்தவர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி என்று கை நிறைய வேலை. நிலைச்சட்டங்களை மூலை சேர அறுப்பதற்கு ஸ்லைடிங் மைட்டர் சா ஒன்று வாங்க வேண்டும். கோவைக் கடையில் 36,500 ரூபாய் சொல்கிறார்கள். அதே கம்பெனி, அதே மாடல், ஆன்லைனில் 32,200. "4,300 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லைங்க அண்ணா. ஆனா அந்தக் கடைக்காரரை விட்டுப் போகவும் மனசு வரலை. நீங்க என்ன சொல்றீங்க?" என்று முடித்திருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு தாளில் அடங்கவில்லை. இதே கேள்வி மனதில் இருக்கிற பலர் இந்த இதழைப் படிக்கிறீர்கள் என்பது தெரியும். அதனால் அந்தப் பதிலையே இந்த மாதம் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவும் மரவேலைக்காரர்தான். எண்பதுகளின் நடுவில் கோவை டாக்டர் நஞ்சப்பா சாலையில் ஒரு கடையில் அவர் தன் முதல் டிரில்லிங் மெஷினை வாங்கினார். கூடப் போயிருந்த எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார், மெஷினை அப்பா கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார். சத்தத்தைக் கேட்டார். பிறகு அதை வாங்கி, பக்கவாட்டில் இருந்த இரண்டு கறுப்பு மூடிகளை ஸ்குரூ டிரைவரால் திருகி எடுத்தார். உள்ளேயிருந்து ஸ்பிரிங்கோடு ஒரு சிறிய கரித்துண்டு வெளியே வந்தது. "இதுதான் கார்பன் பிரஷ். இது தேயுமுங்க, தேயறதுக்குத்தான் இருக்குது. இத்தனை குட்டையானதும் மாத்திடுங்க. விட்டீங்கன்னா ஆர்மேச்சர் போயிரும்" என்று தன் விரல் நகத்தைக் காட்டி அளவு சொன்னார். ஒரு ஜோடி பிரஷ்ஷைக் காகிதத்தில் மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அன்று அவர் சொல்லிக்கொடுத்தது ஐந்து நிமிடப் பாடம். மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது அந்தக் கரித்துண்டுதான். அது தேய்ந்து, ஸ்பிரிங் சரியாக அழுத்தாமல் போனால் உள்ளே நீலப் பொறி பறக்கும். அந்தப் பொறி ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை அரித்துவிடும். சில பத்து ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். இந்த விஷயம் பெட்டிக்குள் வருகிற சின்னப் புத்தகத்திலும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து பிரஷ் மாற்றிய ஒரு தொழிலாளியைக்கூட நான் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் கையில் எடுத்துக் காட்டியபோதுதான் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

நான் ஆன்லைனில் வாங்கிப் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் வீட்டு மாடி வேலைக்காக ஒரு ஹேமர் மெஷின் வாங்கினேன். கடை விலையைவிட 1,800 ரூபாய் குறைவு. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது, நன்றாகவே ஓடியது. இரண்டு மாதம் கழித்துச் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் அடி விழவில்லை. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் தகட்டில் இருந்த சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்க வழியா வந்த மெஷினே இல்லைங்க சார்" என்றான். பில்லில் இருந்த விற்பனையாளரின் பெயரைத் தேடினேன். அந்தத் தளத்தில் அவர் இப்போது இல்லை. திருப்பி அனுப்பும் நாள் முடிந்து வெகு காலமாகியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல், அந்தக் கனத்த பெட்டியோடு சாலையில் நின்ற மதியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு அது வீட்டு வேலை, தள்ளிப்போட முடிந்தது. அந்த மெஷினை நம்பிச் சோறு தின்கிற ஒருவர் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்றுதான் யோசித்தேன்.

அதனால் பொள்ளாச்சித் தம்பிக்கு நான் முதலில் சொல்வது ஒரு கணக்கு. உங்கள் கூலியும் உதவியாள் கூலியுமாக நாளைக்கு 1,500 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மெஷின் மூன்று நாள் நின்றால் 4,500. நீங்கள் மிச்சம் பிடிக்கப்போகும் தொகை அதோடு சரி. புதுவீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தால் அதற்கு என்ன விலை போடுவது? மெஷின் என்றாவது ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். அன்றைக்கு யார் வாசலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். நல்ல கடைக்காரர் தானே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்கித் தருவார். நல்ல வாடிக்கை என்றால், திரும்பி வரும்வரை ஓட்டிக்கொள்ளச் சொல்லித் தன்னிடம் உள்ள பழைய மெஷின் ஒன்றையும் கொடுத்தனுப்புவார். என் அப்பாவுக்கு இரண்டு முறை அப்படிக் கிடைத்தது.

போஷ் 1886-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம். மகிடா 1915-இல் ஜப்பானின் நகோயாவில் பிறந்தது. டிவால்ட் அமெரிக்காவில் 1924-இல். எல்லாம் பெரிய பெயர்கள், நல்ல மெஷின்கள். ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை செய்கிறவருக்கு அந்த நிறுவனம் என்பது நஞ்சப்பா சாலைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். வேறு முகம் அதற்குக் கிடையாது.

மைட்டர் சா விஷயத்தில் கடைக்கு நேரில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது மூலையை நம்பி வாங்குகிற மெஷின். லாரியில் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி ஒருமுறை தவறி விழுந்தாலே பிளேடுக்கும் பின்தடுப்புக்கும் இடையிலுள்ள நேர் போய்விடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆகவே கடையில் இதைச் செய்யுங்கள். அகலமான, இரண்டு ஓரமும் இணையாக இழைத்த பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். மெஷினைத் தொண்ணூறு பாகையில் வைத்து நடுவில் அறுங்கள். இரண்டு பாதிகளில் ஒன்றை மட்டும் அடிப்பக்கம் மேலே வருமாறு புரட்டி, அறுத்த முகங்களைத் தடுப்போடு சேர்த்து ஒட்ட வையுங்கள். வெளிச்சம் தெரியாமல் ஒட்டினால் மெஷின் நேர். தடுப்பை ஒட்டிய ஓரத்திலோ எதிர் ஓரத்திலோ இடைவெளி விழுந்தால், உண்மையான பிழையின் இரண்டு மடங்கை உங்கள் கண் பார்க்கிறது. பிறகு தலையை முழுதும் வெளியே இழுத்து, பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. சின்ன வித்தியாசம் என்றால் அங்கேயே ஸ்குரூவைத் தளர்த்திச் சரிசெய்து தரச் சொல்லலாம். சரியாகவில்லை என்றால் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். 36,500 கொடுக்கிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது. இதைச் செய்ய முகம் சுளிக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட கடைகளும் இருக்கின்றன. "பில் வேணுமா, வேணாமா?" என்று கேட்டு இரண்டு விலை சொல்கிற பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் போகவில்லை. மின் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுச்சீட்டில் வாங்கினால் வாரன்டி கேட்கப் போகும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. சில கம்பெனிகள் பில் தேதியிலிருந்து குறித்த நாளுக்குள் பதிவுசெய்தால் வாரன்டியை நீட்டித் தருகின்றன. அதற்கும் பில்தான் வேண்டும். கடைக்காரரிடமே நம்பரைச் சொல்லி அங்கேயே பதிந்துவிட்டு வாருங்கள். பழைய சரக்கையும் பாருங்கள். கட்டிங் வீலின் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். அது காலாவதி தேதி. பிசினால் ஒட்டிய வீலுக்குத் தயாரித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றில் ஓடுகிறது. அந்த வேகத்தில் வீல் உடைந்தால் எதிரில் இருப்பது நம் முகம். கடையில் வருடக்கணக்காக ஆணியில் தொங்கும் வீலை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மரியாதை விஷயத்தையும் சொல்ல வேண்டும். அழுக்கு லுங்கியோடு வருகிற ஆசாரியை நிற்க வைத்துவிட்டு, காரில் வந்தவரை முதலில் கவனிக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். மனம் நொந்து ஆன்லைன் பக்கம் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் பட்டறையில் உட்கார்ந்தபடி, யாருடைய ஏளனப் பார்வையும் இல்லாமல் பத்து மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிவது பெரிய விஷயம். பக்கத்தில் நல்ல கடையே இல்லாத ஊர்களுக்கு அது வரப்பிரசாதம். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மெஷினுக்கு அதே எண்ணுள்ள உதிரிபாகம், டிரில் பிட், கிளாம்ப் இதையெல்லாம் நானும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன்.

பெரிய மெஷினையே அங்கே வாங்குவது என்று முடிவெடுத்தாலும் தவறில்லை, ஆனால் விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, உங்களுக்கு விற்கிறவர் பெயர் வேறு. கம்பெனியின் சொந்த விற்பனையாளரா, அங்கீகாரம் பெற்றவரா என்று கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. பேட்டரி மெஷின் என்றால் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தா அல்லது வெறும் மெஷினா என்று படியுங்கள். ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது. 48, 88, 98 வோல்ட் என்று பெரிய எண்களைப் பெட்டியில் போட்டு மலிவாக விற்கிறார்கள். உள்ளே வரிசையில் ஐந்து செல்தான் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஆனதும் கிட்டத்தட்ட 20. சில நாடுகளில் 20 வோல்ட் என்று விற்பதும் இங்கே 18 என்று சொல்வதும் அதே பேட்டரிதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் பலர் அறியவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்குகிறவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தகரக் கொட்டகைத் தம்பிக்கு அந்த வரி பொருந்தும். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2020-இல் வந்த இணைய வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஊர்க் கடைக்காரர் ஏமாற்றினாலும் அதே எண்தான்.

அப்பாவின் டிரில்லிங் மெஷின் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வருடம் அதற்குப் பிரஷ் தேய்ந்துபோனது. அந்த மாடல் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆன்லைனில் தேடியும் அளவு கிடைக்கவில்லை. அதே நஞ்சப்பா சாலைக் கடைக்கு எடுத்துப் போனேன். பழையவர் இல்லை, மகன் உட்கார்ந்திருக்கிறார். ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கொஞ்சம் பெரிய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்தார். எமரித் தாளை மேசையில் விரித்து, பிரஷ்ஷை அதில் மெதுவாகத் தேய்த்தார். தேய்ப்பதும் துளையில் நுழைத்துப் பார்ப்பதுமாகப் பத்து நிமிடம். விரலெல்லாம் கரி. வழுக்கிக்கொண்டு உள்ளே போனதும் ஸ்பிரிங்கை வைத்து மூடியைத் திருகி, மெஷினை என் கையில் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க" என்றார்.

பொள்ளாச்சித் தம்பியிடம் போனில் பேசினேன். 36,500-ஐக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆன்லைன் விலையைக் காட்டியே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். வருகிற சனிக்கிழமை கோவைக்கு வருகிறாராம். மூலைமட்டத்தை அவர் கொண்டுவருகிறார். அறுத்துப் பார்க்க, இரண்டு பக்கமும் இழைத்த தேக்குத் துண்டு ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்