பிரேக்கைக் கழற்றியவன் வீரனா?

நம் தாமான்களில் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் போதும், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பாசிகால் லஜாக் கூட்டம்" என்று முத்திரையும் விழுந்துவிடுகிறது. சைக்கிளை மாற்றியமைப்பது ஒரு கைத்தொழில். உயிரைப் பணயம் வைத்து ஓட்டுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துகிறோமே, இது சரியா? நண்பர்களே, சற்றுச் சிந்திப்போம்.

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். பின் சக்கரத்தில் இருக்கும் பிரீவீல்தான் அதற்குக் காரணம். 'ஃபிக்ஸட் கியர்' சைக்கிளில் பிரீவீல் இல்லை. பல்சக்கரம் நேராகச் சக்கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க மிதிகட்டையைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். லஜாக் சைக்கிள் அப்படியன்று. அதில் பிரீவீல் அப்படியே இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது. இறக்கத்தில் விட்டால் நிறுத்துவதற்குக் காலைத் தரையில் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிள்ளானில் என் மாமா வீட்டு ஸ்டோரில் பல ஆண்டுகளாகக் கிடந்த ரேஸ் சைக்கிளைச் சென்ற ஆண்டு விடுமுறையில் மாற்றியமைத்தேன். இதற்குப் பழைய இரும்பு பிரேம்தான் ஏற்றது. பின் அச்சு உட்காரும் பிளவு அதில் சாய்வாக இருப்பதால், சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் சங்கிலியை இறுக்கலாம். நேர்செங்குத்தான பிளவுள்ள இன்றைய பிரேம்களில் அது முடியாது. பழைய பிரேமின் பின்பக்க இடைவெளி 126 மில்லிமீட்டர், ஃபிக்ஸட் ஹப்பின் அகலம் 120. பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் வளையம் சேர்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். முன்னால் 46 பல், பின்னால் 16 பல் வைத்தேன். ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த விகிதக் கணக்குக்கு அன்றுதான் உயிர் வந்தது!

இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. சாதாரண ஹப்பிலேயே பல்சக்கரத்தைத் திருகிவிட்டு, வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எதிர்த்து மிதிக்கும்போது அது கழன்றுகொள்ளும். சரியான ஹப்பில் இடப்புரியாகத் திருகும் பூட்டு வளையம் ஒன்று இருக்கும். பல்சக்கரம் கழல முயன்றால் அந்த வளையம் மேலும் இறுகும். சில ரிங்கிட் மிச்சம் பிடிக்க நினைத்து இதை விட்டுவிட்டால் ஆபத்து நமக்குத்தான்.

2017-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். பிப்ரவரி 18-ஆம் நாள் அதிகாலை 3 மணியளவில், ஜொகூர் பாருவில் சைக்கிளோட்டிக் கொண்டிருந்த 13 முதல் 16 வயதுக்குட்பட்ட எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தனர். வழக்கு பல நீதிமன்றங்களைக் கடந்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்தது. யார் குற்றவாளி என்று ஆறு ஆண்டுகள் நாடே விவாதித்தது. அந்த வயதுப் பையன்களுக்கு சைக்கிளைப் பற்றி யார் கற்றுக் கொடுத்தது என்ற கேள்வியை எத்தனை பேர் எழுப்பினோம்?

அதே 2017 ஏப்ரலில், திரெங்கானு டுங்கூனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் ஹாங்காங்கில் கெய்ரின் உலக வெற்றியாளர் ஆனார். நாம் கைதட்டினோம். அவர் ஓட்டியதும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் சைக்கிள்தான்! ஆனால் அது வெலோட்ரோம். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். சந்திப்பு இல்லை, லாரி இல்லை, திடீரென்று திறக்கும் கார்க் கதவும் இல்லை. ஒருவர் மட்டும் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் மேலே விழுவார்கள் என்பதால்தான் அங்கே பிரேக் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலை வெலோட்ரோமா? தீபாவளிக்கு முந்திய வாரத்துக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைதான் வெலோட்ரோமா?

"காலாலேயே நிறுத்துவேன், பிரேக் எதற்கு?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் இது. நிறுத்தும்போது உடல் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது. அதனால் முன் பிரேக்கின் பிடிப்பைப் பின் சக்கரத்தால் மட்டும் ஒருபோதும் கொடுக்க முடியாது. மாலை மழையில் சாலை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சங்கிலி அறுந்துவிட்டால் காலுக்கு வேலையே இல்லை. "கியரையெல்லாம் கழட்டிட்ட, அந்த முன் பிரேக்கையாவது விட்டு வைடா தம்பி" என்றார் மாமா. நானும் அதைக் கழற்றுவதாக இல்லை. நூற்றுக்கணக்கான கிராம் எடையைக் குறைத்த சைக்கிளில் அந்தச் சிறு பிரேக் யாருடைய அழகைக் கெடுத்துவிடப் போகிறது?

தடையும் அபராதமும் மட்டும் போதாது என்பதே என் கருத்து. "படிக்கவில்லை என்றால் சைக்கிள் கடைக்குத்தான் போவாய்" என்று பயமுறுத்தியே வளர்க்கிறோம். கையில் கிரீஸ் படுவதைத் தோல்வியின் அடையாளமாக்கிவிட்டோம். ஆர்வமுள்ள பையனுக்குக் கற்றுக்கொள்ள இடமில்லாதபோது அவன் நள்ளிரவுக் கூட்டத்திடம்தான் கற்கிறான்.

தமிழ்ப்பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தச் செல்லும் நாம், ஒரு பிற்பகலைச் சைக்கிளுக்கு ஒதுக்கினால் என்ன? ஒரு பழைய சைக்கிள், இரண்டு ஸ்பேனர், பொறியியல் படிக்கும் ஓர் அண்ணனோ அக்காளோ போதும். விகிதம், உராய்வு, எடை எல்லாம் அங்கேயே தமிழில் பேசலாம். பிரேக் ஏன் வேண்டும் என்று தன் கையால் கண்டறிந்த சிறுவன் அதைக் கழற்றமாட்டான். அந்த முதல் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்.