மல்லாட்டைக்கு யூரியா மூட்டை எதற்கு?

நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் எடுத்த மல்லாட்டைக் கொல்லைப் படம் நேற்று நம் குடும்பக் குழுவில் வந்தது. நல்ல கரும்பச்சை, தரை தெரியவில்லை. "செம பயிர் சித்தப்பா", "சூப்பர் மாமா" என்று வரிசையாகக் கைதட்டல். கொல்லைக்காரன் எனக்குத் தம்பி முறை. போன் போட்டு என்ன உரம் போட்டாய் என்று கேட்டேன்.

"ஏக்கருக்கு அடியுரம் டிஏபி ஒரு மூட்டை, களை வெட்டிட்டு யூரியா ஒரு மூட்டைண்ணே."

பொட்டாஷ்? போடவில்லை. ஜிப்சம்? "அது களர் நிலத்துக்குத்தானேண்ணே?"

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மல்லாட்டைச் செடியை வேரோடு பிடுங்கி வரச்சொல்லி, வேர் முடிச்சைப் பிளேடால் நறுக்கிக் காட்டுவேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது என்று அர்த்தம். அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினீர்கள், வாங்கிய கையோடு மறந்தும் போனீர்கள். உங்களை மட்டும் சொல்வானேன்? காலையில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டுச் சாயங்காலம் சொந்தக் கொல்லையில் யூரியா வீசியவன்தான் நானும். மாதச் சம்பளம் வந்ததால் நஷ்டம் உறைக்கவில்லை.

முடிச்சு கட்டும்வரை செடிக்குக் கொஞ்சம் தழைச்சத்து வேண்டும், மறுக்கவில்லை. இறவை மல்லாட்டைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்குத் தழை 25, மணி 50, சாம்பல் 75 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் தழைச்சத்து 10 கிலோ. ஒரு மூட்டை டிஏபியிலேயே 9 கிலோ வந்துவிட்டது. அதற்கு மேல் 45 கிலோ யூரியாவில் இன்னும் 20 கிலோவுக்கு மேல். மூன்று பங்கு! தழைச்சத்து இப்படிக் கொட்டிக் கிடந்தால் செடி முடிச்சு கட்டாது, இலையைத்தான் வளர்க்கும். நாம் கமிட்டிக்கு இலையையா ஏற்றிக்கொண்டு போகிறோம்? 30 கிலோ வேண்டிய சாம்பல் சத்தோ பூஜ்யம். ஒரே ஒரு மூட்டை பொட்டாஷில் அது முடிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தப்பு ஜிப்சத்தை விட்டது. வேர் உறிஞ்சுகிற சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடு மேலே இலைக்குப் போய்விடும், அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. விழுது மண்ணுக்குள் இறங்கியபின், தன்னைச் சுற்றியிருக்கும் இரண்டு மூன்று அங்குல மேல்மண்ணிலிருந்து காயே அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அங்கே இல்லையென்றால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. அதைத்தான் பொக்கு என்கிறோம். நம் பக்கத்துச் செம்மண்ணில் அந்தச் சத்து குறைவு. அதனால்தான் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40-45ஆம் நாளில் செடி ஓரமாகப் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். அதிலுள்ள கந்தகம் எண்ணெய் பிடிக்க உதவும். களர் நிலத்துக்கும் ஜிப்சம் போடுவது உண்மைதான். அதற்காக மல்லாட்டைக்கு வேண்டாம் என்று யார் சொன்னது?

அந்தக் காலத்தில் அப்பா சூப்பர் பாஸ்பேட் போடுவார். அதில் சுண்ணாம்புச்சத்து, கந்தகம் இரண்டும் இருந்தன. இரண்டரை மூட்டை சுமக்கிற இடத்தில் ஒரு மூட்டை போதுமென்று டிஏபிக்கு மாறினோம். அதில் அந்த இரண்டும் கிடையாது. யூரியா மூட்டையோ மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, கை தானாக அதற்குத்தான் போகிறது. ஜிப்சம் கேட்டால் கடைக்காரர், "ஸ்டாக் இல்ல, டிஏபி எடுத்துக்குங்க" என்கிறார். விற்கிறவரிடம் போய் வைத்தியம் கேட்டால் வேறென்ன சொல்வார்?

கமிட்டியில் வியாபாரி ஒரு கைப்பிடி காயை உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். போன வருஷம் இதே தம்பியின் காய் பொக்கு என்று அடிமாட்டு விலைக்குப் போனது. இந்த வருஷம் பெண்டாட்டி நகையை அடகு வைத்து விதைத்திருக்கிறான். "மல்லாட்டை கட்டுப்படியாகலண்ணே, அடுத்த போகம் சவுக்கு வச்சிடலாம்னு இருக்கேன்" என்கிறான். மழையைத் திட்டுகிறான், ஆள் கூலியைத் திட்டுகிறான். போட்ட உரத்தை மட்டும் திட்டவில்லை.

அந்தக் கொல்லைக்கு இன்று 38 நாள். திங்கட்கிழமை வேளாண் விரிவாக்க மையத்துக்கு நானே போய் ஜிப்சம் கேட்கிறேன். படத்துக்குக் கைதட்டிய பெங்களூர் பிள்ளைகள் வண்டி வாடகையை எனக்கு அனுப்பி வையுங்கள்.